இடி இடித்தால் பிளக்கைக் கழற்றவும்

கொட்டாஞ்சேனை
07.10.2025, செவ்வாய்

ஷஹீமா டீச்சருக்கு,

விடயம்: நீங்கள் விட்டுவிட்டுப் போன கணினி.

1. ஒழுங்கைப் பட்டியல் (நம் சந்தின் முப்பத்தெட்டு வீட்டு விபரம்) திறக்கவில்லை. பத்து நாட்களாக இதே கதை. அழுத்தினால் வட்டம் சுற்றுகிறது, திரை வெளுக்கிறது, பிறகு எழுதும் புரோகிராமே மூடிக்கொண்டு போய்விடுகிறது.

2. வீதி அகலிக்கிற அலுவலகத்திலிருந்து ஆள் வந்துவிட்டார். முப்பத்தெட்டு வீட்டிலும் யார் இருக்கிறார்கள், எந்த ஆண்டிலிருந்து, மின்சார பில் இலக்கம் என்ன, எல்லாம் தட்டச்சில் வேண்டும். கடைசி நாள் 24ஆம் திகதி வெள்ளி. பெயர் இல்லாத வீட்டுக்கு, ஒழுங்கையை உடைத்த பின் தருகிற புதிய தொடர்மாடியில் இடம் இல்லையாம்.

3. மருதானையில் ஒரு கடையில் விசாரித்தேன். "அங்கிள், மெஷின் பழசு. ஃபோர்மட் அடிச்சாத் திரும்ப ஓடும்" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கைச் சங்கக் கூட்டத்தில் நான் சொன்னதை யாரோ உங்களுக்கு அறிவித்து, அன்றைக்கே நீங்கள் போன் எடுத்து, இரண்டு பேரும் கத்திவிட்டுப் போனை வைத்தோம். நான் மனதில் பட்டதைச் சொன்னேன். "டீச்சர் போகேக்குள்ள அதுக்குள்ள ஏதோ பூட்டுப் போட்டிட்டுப் போயிருக்கா" என்றேன். இரண்டு வருடத்துக்கு முன் பட்டியலைக் கொடுப்போம் என்றபோது, இன்னும் முடியவில்லை, கொடுக்க விடமாட்டேன் என்று நின்றவர் நீங்கள்தானே. பூட்டு இருந்தால் திறக்கும் வழியை எழுத்தில் தரவும். இனிப் போனில் கதைக்க எனக்கு விருப்பமில்லை.

மருமகள் நிலூஷா வெள்ளவத்தையில் உங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள புடவைக் கடைக்கு நாளாந்தம் வேலைக்கு வருகிறாள். அவளிடம் பதிலைக் கொடுக்கலாம். "மாமா, ஒரு வீடியோ கோல் எடுத்தா அஞ்சு நிமிசத்தில முடியும், என்னத்துக்கு இந்தக் கடிதம்?" என்று கேட்டுக் குறைப்படுகிறாள். குறைப்படட்டும்.

இப்படிக்கு,
ம. பற்றிக்
செயலாளர்


வெள்ளவத்தை
08.10.2025

அன்புள்ள பற்றிக்,

பூட்டு எதுவும் இல்லை. இருபத்தாறு வருடம் உங்கள் ஒழுங்கையில் குடியிருந்தவள், 38ஆம் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு வந்து தங்கியதற்காக உங்களுக்குப் பூட்டுப் போடுவேனா? இதை இந்த ஒரு தடவைதான் கேட்பேன். இனிக் கணினியைப் பற்றிக் கதைப்போம்.

எழுத்தில் கேட்டது நல்லது. போனில் நான் ஒன்றைச் சொல்லி முடிக்குமுன் நீங்கள் மூன்றை அழுத்திவிடுவீர்கள். எனக்கும் இப்போது நேரத்துக்குக் குறைவில்லை. கணுக்கால் உடைந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள், லிஃப்ட் பழுதான மூன்றாம் மாடி, கீழே போகும் ரயில்களை எண்ணிக்கொண்டு கிடக்கிறேன்.

முதலில் மருதானைக்குக் கொண்டு போகாதீர்கள். ஃபோர்மட் என்றால் உள்ளே இருப்பதெல்லாம் துடைத்துப்போகும். நான் எழுதி வைத்த கொப்பிகள் கூரை ஒழுகிக் கூழாகிப்போனது உங்களுக்குத் தெரியும். பதினொரு வருடம் வீடு வீடாக உட்கார்ந்து கேட்டதெல்லாம் அந்த ஒரு கோப்பில்தான் இருக்கிறது. சொன்னவர்களில் ஐந்து பேர் இன்று உயிரோடு இல்லை.

அடுத்தது, அதைத் திரும்பத் திரும்பத் திறக்க வேண்டாம். காய்கிற புண்ணைச் சொறிவது போலத்தான் அது.

நான் படிப்பித்த காலத்தில் காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் பள்ளிக்கூடத்தை மூடமாட்டோம். பிள்ளைக்குச் சுகமில்லையா, இல்லை வெயில் எல்லோரையும் சாய்க்கிறதா என்று பார்ப்போம். அதே போல, புரோகிராமுக்கு வருத்தமா, அந்தக் கோப்புக்கு மட்டும் வருத்தமா என்று பாருங்கள். வெற்றுப் பக்கம் ஒன்றில் உங்கள் பெயரை எழுதி, பதிந்து, மூடித் திறவுங்கள். சங்கத்தின் பழைய அழைப்பிதழ் ஒன்றையும் திறவுங்கள். கடைசியாக எப்போது பட்டியல் ஒழுங்காகத் திறந்தது, அன்று என்ன செய்தீர்கள், மேசையில் என்ன இருந்தது, எல்லாம் எழுதுங்கள். சின்ன விடயம் என்று எதையும் விட்டுவிட வேண்டாம்.

ஷஹீமா


கொட்டாஞ்சேனை
09.10.2025

டீச்சருக்கு,

கேட்டபடி செய்தேன்.

வெற்றுப் பக்கம் திறக்கிறது. அழைப்பிதழ் திறக்கிறது. கொடியேற்றத்துக்கு அடித்த நோட்டீஸும் திறக்கிறது. பட்டியல் மட்டும் விழுகிறது. பென் டிரைவில் உள்ள பிரதியும் அப்படியே விழுகிறது.

கடைசியாகத் திறந்தது செப்டெம்பர் 26, வெள்ளி, பின்னேரம். 30ஆம் வீட்டில் பிறந்த பிள்ளையின் பெயரைச் சேர்த்துப் பதிந்துகொண்டிருந்தேன். நல்ல இடி. உடனே பிளக்கைக் கழற்றினேன். மழை விட்டதும் மாட்டி, கோப்பைத் திறக்காமலே பென் டிரைவிலும் பதிந்தேன். ஒரு குறையும் வைக்கவில்லை.

மேசையில் இருப்பவை: கணினி, மூக்குக்கண்ணாடிப் பெட்டி, மாதா படம். திரையின் ஓரத்தில் உங்கள் கையெழுத்தில் மஞ்சள் துண்டு ஒன்று ஒட்டியபடியே இருக்கிறது. "இடி இடித்தால் உடனே பிளக்கைக் கழற்றவும். வெள்ளிதோறும் பென் டிரைவில் பதியவும்." இரண்டு வருடத்தில் இரண்டையும் நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. துறைமுகத்தில் முப்பத்துநான்கு வருடம் எழுத்தில் வந்ததைச் செய்துதான் வேலை பார்த்தேன். ஆகவே பிழை என் பக்கம் இல்லை என்பதைக் கவனத்தில் எடுக்கவும்.

இன்னும் பதினைந்து நாள்.

பற்றிக்


வெள்ளவத்தை
10.10.2025

அன்புள்ள பற்றிக்,

நன்றாகப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். என் வகுப்பில் இருந்திருந்தால் முழுப் புள்ளி.

இப்போது நமக்குத் தெரிவது, கணினிக்கு ஒன்றுமில்லை, கோப்புத்தான் சிதைந்திருக்கிறது. பென் டிரைவில் உள்ளதும் சிதைந்த பிறகு எடுத்த பிரதி. பக்கத்துப் பிள்ளையின் பிழையான கணக்கைப் பார்த்து எழுதினால் நம் கணக்கும் பிழைக்கும் அல்லவா? முந்திய வெள்ளி பதிந்த நல்ல பிரதி இதன் கீழே அழிந்துபோயிற்று.

ஆனால் கோப்புச் சிதைந்தால் உள்ளே இருக்கிற எல்லாம் போனதாக அர்த்தமில்லை. ஒரு கூடை முட்டை விழுந்தால் எல்லாமா உடைகிறது? எழுதும் புரோகிராம் கொஞ்சம் நுணுக்கம் பார்க்கிற ஆள். ஒரு முட்டை உடைந்திருந்தாலும் கூடையையே வாங்காது. நோட்பேட் அப்படியல்ல. அதற்கு அழகும் தெரியாது, அட்டவணையும் தெரியாது. எதைக் கொடுத்தாலும் கொட்டிக் காட்டும்.

செய்ய வேண்டியது இதுதான். கோப்பைப் பிரதி எடுத்து, பிரதிக்கு வேறு பெயர் வையுங்கள். மூலத்தைத் தொட வேண்டாம். பிரதியை நோட்பேட்டில் திறவுங்கள். பழைய மெஷின், நேரம் எடுக்கும். கை துறுதுறுக்கும், அழுத்தாதீர்கள். தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டு வந்து பாருங்கள். மூடும்போது பதியவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வேறு என்ன... இல்லை, இப்போதைக்கு இவ்வளவுதான்.

ஷஹீமா


கொட்டாஞ்சேனை
11.10.2025, சனி

டீச்சருக்கு,

எல்லாம் முடிந்தது.

நோட்பேட்டில் திறந்தேன். ஏழு நிமிடம் எடுத்தது. முதலில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள். பிறகு ஆங்கில எழுத்துகள், நடுவில் அரைப்புள்ளி, கமா. ஒரு சொல்லாவது வாசிக்க முடியாது. பக்கம் பக்கமாக அந்தக் குப்பைதான். முப்பத்தெட்டு வீட்டில் ஒரு தமிழ் எழுத்துக்கூட மிச்சமில்லை.

முட்டைக் கதையெல்லாம் வகுப்புக்குச் சரி. இங்கே யோகேஸ்வரி அக்கா காலையும் மாலையும் வாசலில் நின்று, "செயலாளர், எங்கட பேர் வந்திட்டுதா? அந்தப் பெட்டி கண்ணத் திறந்திட்டுதா?" என்று கேட்கிறா. நான் என்ன சொல்ல? சாப்பிட உட்கார்ந்தால் எழும்புகிறேன். எழும்பினால் அந்த மேசைக்குத்தான் போகிறேன்.

திங்கட்கிழமை காலை வயர்களைக் கழற்றி, ஓட்டோவில் போட்டு மருதானைக்குக் கொண்டு போகிறேன். ஃபோர்மட் அடித்தாவது மெஷின் மிஞ்சட்டும். பட்டியலைப் புதிதாகத் தொடங்குகிறேன். வந்த வரைக்கும் வரட்டும்.

பற்றிக்


வெள்ளவத்தை
12.10.2025, ஞாயிறு

பற்றிக், கழற்றாதீர்கள்!

தீபாவளி வியாபாரத்துக்காக நிலூஷாவுக்கு இன்றும் வேலை இருந்தது நம் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் நாளை அது மருதானையில்.

நீங்கள் குப்பை என்று சொல்வது தமிழ். நம்முடைய தமிழேதான்.

அந்தப் பட்டியலை நான் பாமினி எழுத்துருவில் அடித்தேன். அது பழைய முறை. உள்ளே பதிவதெல்லாம் ஆங்கில விசையின் எழுத்து, மேலே தமிழ் முகமூடி. முகமூடி கழன்றால் ஆங்கிலம் போலத் தெரியும். கல்யாண வீட்டில் நகை நட்டோடு பார்த்த பெண்ணை அடுத்த நாள் சந்தையில் கண்டால் அடையாளம் தெரியாமல் நிற்போமே, அப்படி.

நோட்பேட்டைத் திரும்பத் திறவுங்கள். மேலே ஃபொன்ட் என்று இருப்பதை அழுத்தி, வருகிற பெயர்களில் பாமினியைத் தெரிவு செய்யுங்கள்.

ஓடுங்கள்.

ஷஹீமா


கொட்டாஞ்சேனை
14.10.2025

அன்புள்ள டீச்சர்,

வந்துவிட்டது.

ஒரு அழுத்துத்தான். குப்பை முழுவதும் திரும்பி நின்று தமிழாயிற்று. நான் போட்ட சத்தத்தில் நிலூஷா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தாள். "மாமா, நெஞ்சு நோவா?" என்றாள். "இல்லடி, யோகேஸ்வரி அக்கா!" என்றேன். முதலாம் வீடு அவதானே. கணவர் பெயர், பிள்ளைகள், 1983 மார்கழியில் வந்தது, எல்லாம் அப்படியே. அட்டவணைக் கோடுகள் இல்லை, நீங்கள் ஒட்டிய பத்திரப் படங்கள் இல்லை, சொற்கள் இருக்கின்றன. அவவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் திரைக்கு மூக்கை முட்டிப் பார்த்துவிட்டு, "என்ர மனுசன்ர பேரில ஒரு எழுத்துக் குறையுது, செயலாளர்" என்றா. அந்தச் சந்தோசத்திலும் குறை.

12ஆம் வீட்டையும் வாசித்தேன். அது என் வீடு. 1958, அப்பா காலம் என்று எழுதிவிட்டு, கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறீர்கள்: "எதையும் எழுத்தில் கேட்பவர். எழுத்தில் கொடுத்தால் ஒரு எழுத்தும் பிசகாமல் செய்வார்." இது அலுவலகத்துக்குப் போகிற பட்டியல். இந்தக் குறிப்பு அங்கே என்னத்துக்கு? அழிக்கவா, வைக்கவா?

துக்கமான செய்தி: 29ஆம் வீடு வரைக்கும்தான் இருக்கிறது. 30இல் பிள்ளையின் பெயர் பாதியில் நிற்கிறது. அதற்குக் கீழே கட்டங்கள் மட்டும். பாமினி போட்டாலும் கட்டங்களே. ஒன்பது வீடு போய்விட்டது. அதில் 34, பாக்கியலெட்சுமி அம்மாவின் வீடு. அவர் போன வருடம் காலமாகிவிட்டார், மகனிடம் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது.

பத்து நாள்.

பற்றிக்


வெள்ளவத்தை
15.10.2025

அன்புள்ள பற்றிக்,

குறிப்பை வையுங்கள். அலுவலகத்துக்குப் போகும் பிரதியில் மட்டும் எடுத்துவிடுங்கள்.

இருபத்தொன்பது வீட்டையும் புதிய கோப்பில் ஒட்டி, இரண்டு வேறு பெயரில், இரண்டு வேறு இடத்தில் பதியுங்கள். ஒன்றின் மேல் ஒன்றைப் பதிய வேண்டாம்.

மிச்ச ஒன்பதில் எட்டு வீட்டுக்காரர் இருக்கிறார்கள், கேட்டு எழுதலாம். 38இல் இப்போது பர்ஹாவின் குடும்பம் இருக்கிறது, அவர்களின் பெயரை எழுதுங்கள், என்னுடையதை அல்ல. பாக்கியலெட்சுமி அம்மா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1971, சித்திரை. பேலியகொடையிலிருந்து ஒரு கைவண்டியில் பாத்திரங்களோடு வந்தார்கள். மூத்த மகளை மறு வருடம் பாலர் வகுப்பில் சேர்த்தார்கள். அதை நான் கேட்டபடியே எழுதிக் கையொப்பம் வைத்திருக்கிறேன். கீழ் மாடியில் இருக்கும் ஹமீட் ஹாஜியார் சமாதான நீதவான், அவருடைய முத்திரை அலுவலகங்களில் செல்லும். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியபடி வந்து, "டீச்சர், இந்த முத்திரைக்கு ஒரு பிளேன்டீ போதாது" என்று சொல்லிக் குத்திவிட்டுப் போனார். கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

இன்னொன்று எழுத வேண்டும். இன்று வேண்டாம். கட்டுப் போட்ட கால் கடிக்கிறது.

ஷஹீமா


கொட்டாஞ்சேனை
19.10.2025, ஞாயிறு

அன்புள்ள டீச்சர்,

ஒன்பது வீடும் முடிந்தது. இந்த மாதம் மாதா சொரூபம் பின்னேரங்களில் வீடு வீடாகப் போகிறது அல்லவா. செபமாலைக்குப் பின்னால் நான் கொப்பியோடு போனேன். "பற்றிக் அண்ணன் இப்ப செபத்துக்கு வாறாரா, கணக்கெடுக்க வாறாரா?" என்று சிரிக்கிறார்கள். பர்ஹாவின் வீட்டில் செபமாலை இல்லை, ஆனால் நாங்கள் கடந்து போகும்போது அவள் தானே வாசலுக்கு வந்து மின்சார பில் துண்டைக் கையில் தந்தாள்.

இன்று கூட்டம். முதல் விடயமாக எழும்பி நின்று சொன்னேன். டீச்சர் பூட்டுப் போட்டா என்று நான் சொன்னது பிழை, பட்டியலை மீட்டுத் தந்ததே அவதான், இது அறிக்கைக் கொப்பியில் எழுதப்பட வேண்டும் என்று. யோகேஸ்வரி அக்கா விடுவாவா? "அண்டைக்கு அந்த வாயாலதானே சொன்னீங்க? இண்டைக்கு வாய மாத்திட்டீங்களோ?" என்றா. "ஓம் அக்கா, அதே வாய்தான்" என்றேன். பிறகு உட்கார்ந்தேன். கால் கொஞ்சம் நடுங்கியது.

எழுத்தில் உங்களுக்கும் தருகிறேன்: மன்னிக்கவும்.

நாளை தீபாவளி விடுமுறை. செவ்வாய்க்கிழமைதான் நிலூஷா இதைக் கொண்டு வருவாள்.

பற்றிக்


வெள்ளவத்தை
19.10.2025, ஞாயிறு

அன்புள்ள பற்றிக்,

நிலூஷா மாலையில் வந்து, "டீச்சர், கடிதம் இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்று அனுப்பிவிட்டேன். அவள் படி இறங்கிய பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பட்டியலைச் சிதைத்தது நான்.

கோப்பொன்று பதிந்துகொண்டிருக்கும்போது மின்சாரத்தைப் பிடுங்கினால் அது பாதியில் வெட்டுப்படும். கரும்பலகையில் எழுதும்போது யாரோ கையைத் தட்டிவிட்ட மாதிரி. 26ஆம் திகதி நடந்தது அதுதான். அதனால்தான் 30ஆம் வீட்டோடு நிற்கிறது. முதலில் பதிந்து, கணினியை மூடி, அதற்குப் பிறகுதான் பிளக்கைத் தொட வேண்டும். அந்த மஞ்சள் துண்டில் நான் அதை எழுதவில்லை. "உடனே" என்று எழுதினேன். கொழும்பில் எல்லா வீட்டிலும் இடிக்குப் பிளக்கைக் கழற்றுவது வழக்கம், நானும் யோசிக்காமல் எழுதி ஒட்டினேன். நான் அங்கே இருந்தவரை மூடிவிட்டுத்தான் கழற்றினேன். என் கைக்குத் தெரிந்ததால் எழுத்தில் சொல்ல மறந்தேன். வெள்ளிதோறும் பதியவும் என்று எழுதியவள், பழைய பிரதியை வைத்துக்கொண்டு பதியவும் என்றும் எழுதவில்லை. எழுத்தில் கொடுத்தால் ஒரு எழுத்தும் பிசகாமல் செய்வார் என்று உங்களைப் பற்றிக் குறிப்பு வைத்தவளும் நான்தான்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. உங்கள் 9ஆம் திகதிக் கடிதத்தை வாசித்த உடனே எனக்கு இது விளங்கிவிட்டது. பத்து நாள் பேசாமல் இருந்தேன். முட்டை, முகமூடி என்று உதாரணம் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. நீங்கள் சபையில் என்னைக் குற்றம் சொன்னது நெஞ்சில் கிடந்தது. பாதிக் குற்றம் உண்மை என்று ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. வகுப்பில் மையைக் கொட்டிவிட்டு ஒளித்த பிள்ளைகளை நான் எவ்வளவு நேரம் நிற்க வைத்திருப்பேன்!

இந்தக் கடிதத்தை அடுத்த கூட்டத்தில் வாசியுங்கள். கால் சரியாக இருந்தால் நானே வந்து வாசிப்பேன்.

ஷஹீமா


கொட்டாஞ்சேனை
24.10.2025, வெள்ளி

அன்புள்ள டீச்சர்,

இந்தக் கடிதத்தை அதே கணினியில் ஒரு விரலால் அடிக்கிறேன். எழுத்துப் பிழையைப் பொறுக்கவும்.

பட்டியலை இன்று காலை கொடுத்தேன். பெண் அலுவலர். முப்பத்தெட்டையும் விரல் வைத்து எண்ணினா. 34க்கு என்ன அத்தாட்சி என்று சிங்களத்தில் கேட்டா. உங்கள் கடிதத்தையும் ஹாஜியாரின் முத்திரையையும் காட்டினேன். இரண்டு தரம் சிங்களத்தில் விளக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஹரி அங்கிள்", சரிதான் என்று எங்கள் பிரதியில் முத்திரை குத்தித் தந்தா. பாக்கியலெட்சுமி அம்மாவின் மகன் வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தான். பிரதியை வாங்கித் தன் வரியைத் தேடிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். பஸ்ஸில் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தான்.

உங்கள் கடிதத்தைச் செவ்வாய்க்கிழமையிலிருந்து வைத்துக்கொண்டு திரிகிறேன். முதல் நாள் கோபம் வந்தது. பிறகு நான் சபையில் எழும்பி நின்றதும் நீங்கள் இதை எழுதியதும் ஒரே ஞாயிற்றுக்கிழமை என்று பார்த்தேன். எனக்கு நீங்கள் எழுதியது தெரியாது, உங்களுக்கு நான் நின்றது தெரியாது. அதற்குப் பிறகு கோபம் நிற்கவில்லை.

கூட்டத்தில் இதை வாசிக்கமாட்டேன். நீங்கள் வந்து வாசிப்பதென்றால் தடுக்கவும் மாட்டேன். கால் கட்டு அவிழ்க்கிற திகதியை எழுதுங்கள், ஓட்டோ அனுப்புகிறேன். யோகேஸ்வரி அக்காவுக்கு முன்னால் நின்று ஒருக்கால் நீங்களும் நடுங்கிப் பாருங்கள்.

மஞ்சள் துண்டை உரிக்கவில்லை. "உடனே" என்பதை வெட்டி, அதற்கு மேல் என் கையெழுத்தில் இரண்டு வரி எழுதியிருக்கிறேன். நீங்கள் வந்து பார்த்துக் கையொப்பம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது உத்தரவாகாது.

வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. துறைமுகப் பக்கம் ஒரு இடி கேட்டது. இன்னும் ஒன்று, கிட்டத்தில். நிலூஷா உள்ளேயிருந்து "மாமா, பிளக்! பிளக்கக் கழட்டுங்கோ!" என்று கத்துகிறாள்.

கத்தட்டும். முதலில் இதைப் பதிகிறேன். பிறகு மூடுகிறேன். திரை கறுத்த பிறகுதான் சுவருக்குக் கை போகும்.

பற்றிக்